பணத்துக்கும் விளக்கமறியலா?

வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர் அண்மையில் எம்மைத் தேடி வந்தார். வழக்குப் பேச வந்ததாகவே சொன்னார். எதிராளி யார் என்று கேட்டோம், அவருக்குத் தெரியவில்லை. குற்றம் யாது என்று கேட்டோம். "ஐயா, என்ர காசை எடுத்துப்போட்டினம், பதினொரு நாளாலை தாங்களாகவே கொண்டுவந்து வைச்சும்போட்டினம். இதுக்கு என்ன பேர்?" என்று எம்மையே திருப்பிக் கேட்டார்.

நடந்தது இதுதான். மனைவியின் இருதய நோய்க்கு வைத்தியம் பார்க்க அவர் கொழும்புக்கு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன், பெற்றோர் வசதியாகத் தங்கட்டும் என்று ஹோட்டல் ஒன்றில் மூன்று நாளைக்கு அறை எடுத்து, வாடகை முழுவதையும் முன்கூட்டியே செலுத்தியிருந்தான். வரவேற்பு மேசையில் இருந்தவர் வங்கி அட்டை ஒன்றைக் கேட்டார். வாடகைதான் கட்டியாயிற்றே என்றார் இவர். "இது வழக்கம், ஐயா, ஒன்றும் எடுக்கமாட்டோம்" என்று பதில் வந்தது. வெங்காயம் விற்ற பணம் கிடந்த கணக்கின் அட்டையை இவர் நீட்டினார். அட்டை இயந்திரத்தில் செருகப்பட்டது. இரகசிய இலக்கம் அழுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் கையொப்பமும் இடப்பட்டது.

மறுநாட் காலை வைத்தியசாலையில் 1,40,000 ரூபா கட்டவேண்டியிருந்தது. கணக்கில் 1,90,000 ரூபா கிடந்தது. ஆயினும் அட்டை மறுக்கப்பட்டது. இரண்டாம் முறையும் மறுக்கப்பட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 75,000 ரூபாவை ஹோட்டல் தடுத்து வைத்திருக்கிறது என்பது வங்கியோடு தொலைபேசியில் பேசிய பின்னரே தெரிந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்த உறவினர் ஒருவரின் துணையோடு, மனைவியின் காப்புச் சோடி அன்று மாலையே அடைவுக்குப் போயிற்று. ஹோட்டலில் அவர்கள் ஒரு தேநீர்கூடக் கணக்கில் வாங்கிக் குடிக்கவில்லை. தடைப்பட்ட பணம் திரும்பியது 11 ஆம் நாள். தன் பணம் வங்கியிலே சிறையிருக்க, அவர் வட்டிக்குப் பணம் வாங்கினார்.

இதற்கு என்ன பேர் என்று கேட்டாரே, நீதிமன்றத்தில் இதற்கு நிகரான பேர் ஒன்று உண்டு. அதுதான் விளக்கமறியல்.

களவும் அன்று, செலவும் அன்று

களவு என்றால் பணம் போயிருக்கவேண்டும், போகவில்லை. செலவு என்றால் சிட்டை இருக்கவேண்டும், அதுவும் இல்லை. ஹோட்டல் அட்டையை இயந்திரத்தில் இடும்போது வங்கிக்கு ஒரு வேண்டுகோள் போகிறது: இவர் கணக்கில் இத்தனை ரூபா இருந்தால் எமக்காக ஒதுக்கி வையுங்கள். வங்கி ஒதுக்கி வைக்கிறது. அந்தப் பணம் கணக்கை விட்டு வெளியேறுவதுமில்லை. உரியவர் கைக்கு எட்டுவதுமில்லை. வங்கியாளர் இதனை முன்னனுமதி என்பர். தங்கியவர் புறப்படும்போது கணக்குத் தீர்த்து, ஹோட்டல் விடுதலைச் செய்தியை உடனே அனுப்பினால் சில நாளில் காரியம் முடிந்துவிடும். அனுப்பாவிட்டால், தடை தானாகக் காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பெரிய சர்வதேச அட்டை நிறுவனங்களின் விதிகள் இத்தகைய தடைக்கு ஏறத்தாழ 30 நாள் வரை இடமளிக்கின்றன.

தடை எல்லோரையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை. கடனட்டையைக் கொடுத்தவருக்குத் தடைப்படுவது வங்கி தர இருந்த கடன். அவருடைய கடன் எல்லை சில நாள் சுருங்குகிறது, அவ்வளவே. டெபிட் அட்டையைக் கொடுத்தவருக்குத் தடைப்படுவது உழைத்துச் சேர்த்த சொந்தப் பணம். டாக்டரிடமும் எஞ்சினியரிடமும் கடனட்டை இருக்கிறது. மாதச் சம்பளச் சீட்டுக் காட்ட இயலாத தோட்டக்காரன் கடனட்டை பெறுவது எளிதன்று. அவனிடம் இருப்பது டெபிட் அட்டை ஒன்றே. ஆகவே ஒரே வழக்கம், வசதி உள்ளவனுக்குச் சிறு தொல்லையாகவும் வசதி அற்றவனுக்குப் பெரும் தண்டனையாகவும் முடிகிறது.

கப்பலிலும் இதே கதை

உல்லாசக் கப்பல் எங்கோ மேல்நாட்டார் ஏறும் வாகனம் என்று நாம் இருந்துவிடல் ஆகாது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கே வந்து போயிற்று. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த பெற்றோரை இத்தகைய கப்பல்களில் அழைத்துச் செல்வதும் இன்று புதுமையன்று.

இக்கப்பல்களிற் பெரும்பாலானவற்றில் ரொக்கப் பணம் புழங்குவதில்லை. ஏறும்போதே அட்டையைப் பதிந்துகொள்கிறார்கள். முதலில் ஒரு தொகை தடுக்கப்படுகிறது. செலவு அதனைத் தாண்டினால் மேலும் ஒரு தொகை தடுக்கப்படுகிறது. இறங்கும் நாளில் உண்மையான சிட்டைத் தொகை அறவிடப்படுகிறது. ஆனால் முன்னைய தடை அந்த நாளிலேயே நீங்கிவிடுவதில்லை. ஆகவே சில நாளைக்குச் செலவும் தடையும் ஒருங்கே கணக்கில் நிற்க, இருமுறை அறவிட்டுவிட்டார்கள் என்று பயணி கலங்குகிறார்.

நாணயம் வேறாயின் இன்னுமொரு சிக்கல் உண்டு. டொலரில் தடுக்கப்பட்ட தொகை நம் கணக்கில் அன்றைய விலைப்படி ரூபாவாக நிற்கும். பின்னர் வரும் சிட்டையோ வேறொரு நாளின் விலைப்படி கழிக்கப்படும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியதை நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய காலத்தில் சில நாட் தாமதமும் பயணியின் தலையில் விழும் பாரமாகும்.

ஹோட்டல்காரரின் வாதம்

மறுதரப்பையும் கேட்பது எமது தொழில் தந்த பழக்கம். ஹோட்டல்காரர் சொல்வது இது: அறையிலுள்ள குளிர்பெட்டியில் இருப்பதை எடுத்துக் குடித்துவிட்டுச் சொல்லாமற் போகிறவர்கள் உண்டு, படுக்கையையும் தளபாடத்தையும் பழுதாக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, போனபின் அவர்களை எங்கே தேடுவது? இது நியாயமான கேள்வி. வெள்ளவத்தையில் விடுதி நடத்தும் எம்மவர்களும் இதே நட்டத்தைப் பட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தப் பாதுகாப்புக்கு அளவு எது, அறிவித்தல் எங்கே, முடிவு எப்போது என்பதே எமது கேள்வி.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சிறு லொட்ஜுகளிலும் முற்பணம் வாங்குகிறார்கள். அங்கே தொகை கண்முன் எண்ணப்படுகிறது. திறப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது மிச்சம் கைக்கு வருகிறது. வராவிட்டால் யாரிடம் கேட்பது என்று கேட்பவனுக்குத் தெரியும். காணியை ஒற்றி வைப்பவனும் முதலிற் பணத்தைக் கையில் வாங்கியே காணியை விடுகிறான். இவையெல்லாம் இரு தரப்பும் அறிந்து செய்யும் கருமங்கள். அட்டைத் தடையிலோ கடன் இன்னும் பிறக்கவே இல்லை. ஈடு மட்டும் முந்திப் பிறந்துவிடுகிறது. எவ்வளவு ஈடு என்பதும் ஈடு வைத்தவனுக்கே தெரிவதில்லை.

பழைய சட்டம் சொன்னது

இந்த நாட்டின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையாக நிற்பது உரோம-டச்சுச் சட்டம். அதன் மூலமான உரோமச் சட்டத்தில், கப்பலோட்டி, விடுதிக்காரன், இலாயக்காரன் ஆகிய மூவரையும் ஒன்றாக நிறுத்திய கட்டளை ஒன்று உண்டு. 533 ஆம் ஆண்டில் வெளிவந்த யஸ்டினியன் பேரரசனின் சட்டத் திரட்டிலும் அது இடம்பெற்றது. பயணியிடமிருந்து காப்பதாக ஏற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கத் தவறினால், தம்மேல் தவறு இல்லாவிட்டாலும் இம்மூவரும் பொறுப்பாளிகள் என்பது அதன் சாரம். வழிப்போக்கன் வேறு வழியின்றி இவர்களை நம்பவேண்டியிருக்கிறது. திருடரோடு இவர்கள் கைகோத்தால் அவனுக்குப் புகலிடம் இல்லை என்பதே காரணம்.

ஆங்கிலப் பொதுச் சட்டம் விடுதிக்காரனுக்கும் ஓர் உரிமை கொடுத்தது. கட்டணம் செலுத்தாதவனின் பெட்டியை அவன் தடுத்து வைக்கலாம். ஆனால் அந்த உரிமை கடன் உண்டான பின்னரே எழும். கப்பலும் விடுதியும் பயணியின் பொருளுக்குக் காவல் என்று அன்றைய சட்டம் விதித்தது. இன்றைய வழக்கத்திலோ பயணியின் பணம் அதே கப்பலிடமும் விடுதியிடமும் காவலில் இருக்கிறது.

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று சொல்கிறது. குற்றஞ் சாட்டப்பட்ட மனிதனுக்கு நாம் கொடுக்கும் நீதி அது. விளக்கமறியலில் உள்ளவனையும் தவணைக்குத் தவணை நீதவான் முன் கொண்டுவந்து காரணம் காட்டவேண்டும். ஒரு குற்றமும் செய்யாத தோட்டக்காரனின் 75,000 ரூபாவுக்குத் தவணையும் இல்லை, நீதவானும் இல்லை என்றால் அது எந்த ஊர் நியாயம்?

கொழும்பில் தங்கும் தமிழன்

வடக்கிலும் கிழக்கிலும் வாழ்பவன் கொழும்புக்கு உல்லாசத்துக்காக மட்டும் வருவதில்லை. கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் வருகிறான்; பெரிய வைத்தியசாலைக்கு வருகிறான்; பிள்ளையை விமானம் ஏற்ற வருகிறான். தங்குமிடம் அவனுக்கு ஆடம்பரம் அன்று, அவசியம்.

அந்தத் தங்குமிடமே அவனைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிய காலமும் உண்டு. 2007 ஜூன் 7 ஆம் நாள் அதிகாலை, கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்காவும் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். அந்தக் கொடுமையையும் அட்டைத் தடையையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை. அது இனத்தின் பெயரால் நடந்தது. இது சிங்களவர், முஸ்லிம், தமிழர், வெள்ளையர் எல்லோருக்கும் பொது. ஆனால் அன்று கற்ற பாடம் ஒன்று இங்கும் பொருந்தும். 'இது வழக்கம்', 'இது நடைமுறை' என்ற சொல்லுக்குத் தலையசைத்துப் பழகியவன், தன் உரிமை எங்கே முடிந்தது என்பதை அறியாமலே இழந்துவிடுகிறான்.

என்ன செய்யவேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. கொடுப்பனவுச் சேவைகள் பற்றிய அதன் 2015 ஆம் ஆண்டுப் பணிப்புரையின் 75 ஆம் உறுப்புரை, இறுதித் தொகை முன்கூட்டித் தெரியாத கொடுக்கல் வாங்கலில், தடுக்கப்படும் சரியான தொகைக்கு அட்டைக்காரர் சம்மதித்தாலன்றி வங்கி பணத்தைத் தடுக்கலாகாது என்கிறது. உண்மைத் தொகை தெரிந்ததும் தாமதமின்றி விடுவிக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. அத்தகைய தெளிவான விதியை நாமும் கேட்கிறோம்.

முதலாவது, எவ்வளவு தொகை, எதற்காக, எத்தனை நாளைக்கு என்பது அட்டையை வாங்குமுன் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் தரப்படவேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. விளங்காத மொழியில் இட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று சொல்வது சட்டத்துக்கும் அழகன்று, வணிகத்துக்கும் அழகன்று.

இரண்டாவது, கணக்குத் தீர்ந்த அன்றே ஹோட்டல் விடுதலைச் செய்தி அனுப்பவேண்டும். வங்கி அடுத்த வேலைநாளுக்குள் பணத்தை விடுவிக்கவேண்டும். அதற்குமேல் வைத்திருப்பவர் வட்டி கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, டெபிட் அட்டை மட்டும் உள்ளவருக்கு, பற்றுச்சீட்டுடன் ஓர் அளவான முற்பணம் கட்டும் வழி திறந்திருக்கவேண்டும்.

மத்திய வங்கியும், 2003 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையும் கூடிப் பேசினால் இதனைச் செய்து முடிக்கலாம். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் ஒரு கேள்வி எழுப்பினால் காரியம் தொடங்கும்.

அதுவரை வாசகர்கள் சும்மா இருத்தல் வேண்டாம். அட்டையை நீட்டுமுன் தொகையைக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள். மருத்துவச் செலவுக்கு வைத்த கணக்கின் அட்டையை வரவேற்பு மேசையில் கொடுக்கவேண்டாம். புறப்படும்போது, தடையை நீக்கிவிட்டோம் என்று ஒரு துண்டில் எழுதிக் கையொப்பம் கேளுங்கள். தாமதமானால் வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளே, பெற்றோருக்கு அறை எடுக்கும்போது வைப்புத் தொகைக்கும் உங்கள் அட்டையையே ஏற்பார்களா என்று ஹோட்டலிடம் முன்னரே கேட்டு வையுங்கள்.

அந்தத் தோட்டக்காரருக்காக வழக்குத் தொடர நாம் சொல்லவில்லை. அவர் இழந்தது காப்பை மீட்கக் கொடுத்த வட்டி; வழக்குச் செலவு அதனைவிடப் பன்மடங்கு. வழக்காட இயலாத அளவுக்குச் சிறிய அநீதி என்பதனாலேயே இது தட்டிக் கேட்பாரின்றி நடக்கிறது. நீதிமன்றம் ஏற முடியாத அநீதியை மக்கள் மன்றம் ஏற்றித்தான் தீர்க்கவேண்டும். அதனாலேயே அதனை இங்கே எழுதினோம்.