வளையும் சுரம், வளையாத கட்டை

வீட்டில் ஓர் அறையை ஒழித்துக்கொண்டு பாட்டைப் பதிவு செய்வது இன்று பலருக்கும் எட்டும் காரியமாகிவிட்டது. ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஒலியைக் கணினிக்குள் செலுத்தும் ஒரு சிறு பெட்டி, ஒரு மிடி கீபோர்டு. இவ்வளவுதான் மூலதனம். இவை கைக்கு வந்த மறுநாளே எழுகிற கேள்வி, எந்த மென்பொருள் சிந்தசைசரைக் கற்றுக்கொள்வது என்பது. கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் எண்ணிக்கைகளாகவே இருக்கின்றன. இதில் ஐயாயிரம் ஒலிகள், அதில் பத்தாயிரம். தென்காசி வட்டாரத்துச் சிந்தும் கண்ணியும் காதில் ஊறிய ஒருவருக்கு இந்த எண்ணிக்கைகளால் ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்து. அவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: அந்தக் கருவியில் சுரம் வளையுமா?

இந்தப் பக்கத்துக்கு இது புதிய கேள்வியல்ல. செங்கோட்டையில் 1906இல் பிறந்து, 1933இல் இருபத்தேழு வயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் இசைத்தட்டுகளில் இன்றும் கிடைக்கிறது. உச்ச ஸ்தாயியில் பிருகாக்களை உதிர்த்துச் செல்லும் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் ஒலித்தது ஆர்மோனியம். அவருடைய அண்ணன் காசி ஐயரே ஆர்மோனியம் வாசிப்பவர். பாடகன் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போவான். ஆர்மோனியத்தின் கட்டையோ ஒரு சுரத்தை விட்டு அடுத்ததில் குதித்தாக வேண்டும். நடுவில் இருக்கும் வழி அதற்குக் கிடையாது. எங்கே துரத்த வேண்டும், எங்கே ஆதார சுரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று அறிந்திருப்பதில்தான் நாடக மேடை ஆர்மோனியக்காரர்களின் வித்தை இருந்தது.

இந்தக் குறையைச் சுட்டித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தடை சரியா தவறா என்ற பழைய வழக்கை இங்கே மீண்டும் எடுக்க வேண்டியதில்லை. தடைக்குப் பின்னிருந்த காது பொய் சொல்லவில்லை என்பதே நமக்கு முக்கியம். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டினால், ஒவ்வொரு பங்கும் 100 சென்ட் எனக் கணக்கிடுகிறார்கள். தம்பூராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிடச் சமப்பகுப்புக் கட்டையின் காந்தாரம் ஏறக்குறைய 14 சென்ட் உயர்ந்து நிற்கிறது. இன்றைய கீபோர்டுகள் கடையிலிருந்து வரும்போது இந்தப் பகுப்போடுதான் வருகின்றன.

ஆனால் ஆர்மோனியக்காரருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. சிந்தசைசரின் கட்டை ஒரு கட்டளை மட்டுமே. சுரம் உள்ளே கணக்கால் உண்டாகிறது. ஆஸிலேட்டர் ஓர் அலையைப் பிறப்பிக்கிறது, ஃபில்டர் அதன் உச்ச அதிர்வுகளைச் செதுக்குகிறது, என்வலப் அது எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. மனிதர் வாசித்ததைப் பதிந்துவைத்துத் திரும்ப ஒலிக்கும் சாம்ப்ளர் வேறு, இது வேறு. கணக்கால் பிறக்கும் சுரத்தை எந்த இடத்துக்கும் இழுத்துச் செல்லலாம், வழி திறந்திருந்தால்.

தென்காசிப் பக்கத்தில் மென்பொருள் கருவியை நாட இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியே வரும் காற்றும் குற்றாலச் சாரலும் எந்த மைக்கிலும் நுழைந்துவிடும். ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையின் கீழும் பதிவு செய்ய முயன்றவர்களுக்கு இது தெரியும். குரலையாவது விடிகாலையில் காற்று ஓய்ந்த நேரத்தில் பதிந்துகொள்ளலாம். கணினிக்குள்ளேயே பிறக்கும் ஒலிக்கு மழையும் காற்றும் ஒரு பொருட்டல்ல.

இனி, தேர்வுக்கான சோதனைகள். முதலாவது, வளைவு. 1983இல் வந்த மிடி முறையில், சுரத்தை வளைக்கும் சக்கரத்தின் முழு வீச்சும் 16,384 படிகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. பொதுவாக அந்த வீச்சு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். அப்படியானால் ஒரு படி ஒரு சென்ட்டில் நாற்பதில் ஒரு பங்குதான். நம் காது இவ்வளவு நுண்மையைப் பிரித்தறியாது. தோடியின் காந்தாரம் கீபோர்டில் வரவில்லை என்றால் பழி படிகளின் மேல் இல்லை. சக்கரத்தில் கை பழகவில்லை என்பதே காரணம். தானியங்கி அசைவான எல்.எஃப்.ஓ.வை வைத்து கமகம் செய்ய முனைவது வீண் வேலை. அது ஒரே வேகத்தில் ஆடிக்கொண்டிருக்கும். கமகமோ வேகத்தையும் வீச்சையும் மாற்றிக்கொண்டே போகிறது.

இரண்டாவது, ஒற்றைக் குரல் முறை. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும்படி வைத்து, முதல் கட்டையை விடாமல் அடுத்ததைத் தொட்டால் மட்டும் வழுக்கிச் செல்லவும், விட்டுத் தொட்டால் தனித்து ஒலிக்கவும் வேண்டும். ஜாருவையும் தனிச்சுரத்தையும் விரல்களே பிரித்துக் காட்ட இது வழிசெய்கிறது. மும்பையின் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 ஆகியவை அவருடைய கருவிகள். 303இல் சுரங்களை இழைத்துச் செல்லும் வசதி இருந்தது. அன்று கவனிக்கப்படாத அந்தத் தட்டு 2010இல் மறுபதிப்பு கண்டபோது உலகெங்கும் கேட்டு வியந்தார்கள்.

மூன்றாவது, சுருதிப் பகுப்பை மாற்ற முடிகிறதா என்பது. ஸ்காலா என்ற கோப்பு வடிவத்தை ஏற்கும் கருவியில் அந்த 14 சென்ட்டை நாமே திருத்திக்கொள்ளலாம்.

நான்காவது, ஆயுள். இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. 2019இல் ஆப்பிளின் கத்தலினா இயங்குதளம் வந்தபோது அதில் 32 பிட் மென்பொருள்கள் இயங்காமல் போயின. அவற்றில் எத்தனையோ சிந்தசைசர்கள் இருந்தன. பத்து ஆண்டுகள் விரல் பழகிய வாத்தியம் ஒரு நாள் காலையில் ஊமையாகிப் போவது எந்த நாதஸ்வரக்காரருக்கும் நேராத துயரம். மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளை வேறொருவர் எடுத்துப் புதுப்பிக்க முடியும். திருட்டுப் பிரதிகளை நாடும் வழக்கத்துக்கும் இங்கே வேலையில்லை.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் என் வாக்கு சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருளுக்கு. கிளாஸ் ஜோஹான்சன் எழுதி, முதலில் விலைக்கு விற்கப்பட்ட சர்ஜ், 2018இல் மூலநிரலோடு பொதுவுக்கு வந்தது. தன்னார்வலர்கள் அதை வளர்த்து 2022இல் எக்ஸ்டி என்ற வடிவில் வெளியிட்டார்கள். விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது, விலையில்லை. மேலே சொன்ன விரல்வழி வழுக்கல், ஸ்காலா கோப்பு இரண்டும் அதில் உண்டு. மீட்டிய தந்தியின் நடத்தையைக் கணக்கால் போலச்செய்யும் ஆஸிலேட்டர் ஒன்றும் இருக்கிறது.

மாட் டைட்டல் 2020இல் வெளியிட்ட வைட்டல், அலையின் உருவம் திரையில் அசைவதைக் கண்முன் காட்டுகிறது. என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள விரும்பும் தொடக்கக்காரர்களுக்கு அது நல்ல ஆசான். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் மணியொலிகளில் மயக்கமுள்ளவர்களுக்கு டெக்ஸ்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் ஆறு ஆபரேட்டர்களும் 32 இணைப்பு முறைகளும் கொண்ட அந்தக் கருவியில் முதல் பாடம் படிப்பது கடினம்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். அசல் நாதஸ்வரத்தையே சுரம் சுரமாகப் பதிந்து விற்கிறார்களே, அதை வாங்கினால் போதாதா? காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஒலித்ததைக் கேட்டவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். அந்த வாசிப்பு மூச்சின் அழுத்தத்திலும், துளையைப் பாதி மூடும் விரலிலும், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலும் இருக்கிறது. சுரங்களைத் தனித்தனியே வெட்டி எடுத்தால் கிடைப்பது நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள் போன்ற ஒன்று. தட்டினால் ஒவ்வொரு தூணும் தன் சுரத்தைச் சொல்லும், வியக்கலாம். அங்கே ஆலாபனைக்கு இடமில்லை. சிந்தசைசர் நாதஸ்வரமாக வேடம் போடத் தேவையில்லை. தன் குரலிலேயே வளையத் தெரிந்தால் போதும்.

இதில் நாம் இழக்கக்கூடியது சிறியதல்ல. குற்றாலத்துக்கு அருகே மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியும், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தும் பாடுவதற்கென்றே எழுதப்பட்டவை. செஞ்சுருட்டி என்றதும் சிந்து நினைவுக்கு வருகிற மண் இது. இந்தப் பாடல்களைப் பாடத் தெரிந்த முதியவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் குரலைப் பதிகிற பேரப்பிள்ளைகள், பின்னணிக்கு ஆயத்த ஒலி ஒன்றை வைத்து, குரலையும் திருத்தும் மென்பொருளால் அதன் சுருதிக்கு நிமிர்த்திவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கிடைப்பது நிமிர்த்தப்பட்ட பாட்டு மட்டுமே.

ஆகவே, ஒரு கருவியைத் தேர்ந்துகொண்டு, ஓராண்டு வேறெதையும் கணினியில் ஏற்றாமல் இருங்கள். ஆயத்த ஒலிகளை மூடிவைத்துவிட்டு, வெற்று அலையிலிருந்து ஒரே ஓர் ஒலியைச் செய்யுங்கள். வளைவுச் சக்கரத்தில் இடக்கையை வைத்து ஒரு சிந்தின் முதல் அடியை நாள்தோறும் வாசியுங்கள். எந்த இடத்தில் கருவி குரலைத் தொடர முடியவில்லையோ, அங்கே ஆதார சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு குரலுக்கு வழிவிடுங்கள். கிட்டப்பா காலத்து ஆர்மோனியக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள்.