குப்பத்துக் குடத்துக்கே முதல் நீர்

திருவான்மியூரைத் தாண்டி மாமல்லபுரம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடலோரப் பக்கம் சொகுசு விடுதிகளும் பண்ணை வீடுகளும் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றின் நீச்சல் குளங்கள் கோடையிலும் வற்றுவதில்லை. மதிலுக்கு அப்பால் பல மீனவக் குப்பங்களில் கிணற்று நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்க வேண்டும், அல்லது லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்க வேண்டும். இதை அநீதி என்றே சொல்ல வேண்டும்.

இக்கரையின் மணல் மேடுகள்தான் மழையை வாங்கிச் சேமிப்பவை. எடை குறைந்த நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே 1 அடி இறங்கினால், கீழிருந்து 40 அடி உப்புநீர் ஏறும். கையால் இறைத்த காலத்தில் எடுத்த நீரை அடுத்த மழை ஈடுகட்டியது. விடுதிகளின் ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் இரவு பகலாக உறிஞ்சும்போது எந்த மழையும் போதாது. ஒருமுறை உவர்த்த ஊற்று தெளியப் பல ஆண்டுகள் ஆகும்.

இந்த ஆபத்து அரசுகளுக்குத் தெரியும். 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடல்நீர் ஏறும் உச்ச எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதைத் தடை செய்தது. ஆனால் 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் செயலுக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் மத்திய அறிவிக்கையோ, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. காவல் நிற்க வேண்டியவர்களே வேலியைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

சுற்றுலாவால் வேலை கிடைக்கிறது என்பது உண்மை. கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுத் தந்து பிழைக்கிறார்கள், அதை வரவேற்கிறோம். அதே கோவளம் கடற்கரை, குளிக்கும் நீரின் தரத்தையும் பார்த்துத் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்றது. பயணிகள் குளிக்கும் கடல்நீரைச் சோதிக்கும் அக்கறை, ஊரார் குடிக்கும் கிணற்று நீருக்கும் வேண்டும். சம்பளம் கொடுப்பதால் ஊர்க் கிணற்றைக் கெடுக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடாது.

கடலோர விடுதிகளின் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றுக்கும் மீட்டர் பொருத்த வேண்டும். கணக்கை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கூரை மழைநீரைச் சேமிக்காத, கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சாத விடுதிக்கு உரிமம் புதுப்பிக்கக் கூடாது. கிராம சபையின் ஒப்புதலின்றிப் புதிய விடுதி எழக் கூடாது.

குப்பத்துக் குடம் நிறைந்த பிறகே நீச்சல் குளம் நிறைய வேண்டும். இந்த வரிசையை மாற்றி உரிமம் தரும் எந்த அரசும், கடலோரத்தில் பிறந்தவர்களை அவர்கள் மண்ணிலேயே விருந்தாளிக்கும் கீழே நிறுத்துகிறது. அதை ஒருபோதும் ஏற்க முடியாது.