மதச்சார்பற்ற ஓட்டும் மேல்பாதிப் பூட்டும்

மதவாதம் வேண்டாம் என்று ஓட்டுப் போடுகிறவர்கள் சாதியும் வேண்டாம் என்பார்களா? விழுப்புரம் மக்களவைத் தனித்தொகுதியைப் பார்ப்போம். 2019, 2024 இரு தேர்தல்களிலும் மதச்சார்பற்ற கூட்டணி சார்பில் விசிகவின் ரவிக்குமார் அங்கே வென்றார். சேரி ஓட்டு மட்டும் அந்த வெற்றிக்குப் போதாது. இடையில், 2023இல், அதே மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். ஓட்டுப் போட்டவர்களும் வழிமறித்தவர்களும் வேறு வேறு ஆட்கள் என்று நம்ப நமக்கும் ஆசைதான்.

நம் உப்பிலியபுரம் பழங்குடியினருக்கான தனித்தொகுதியாக இருந்தது. மறுசீரமைப்புக்குப் பின், 2011 முதல், பட்டியல் சாதியினருக்கான துறையூரில் ஓட்டுப் போடுகிறோம். 1932 பூனா ஒப்பந்தத்தின்படி தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவர். தேர்ந்தெடுப்பவர்களோ எல்லாச் சாதியாரும். ஊர்த்தெரு ஓட்டில்லாமல் ஜெயிக்க முடியாது. ஆகவே மேடையில் சமூகநீதி முழங்குகிறவர் கோயில் நுழைவு, சாதி மறுப்புத் திருமணம் என்றதும் பேச்சை மாற்றிவிடுகிறார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சீட்டுக் கொடுக்கும் கட்சிக்கும் அந்த மௌனம் வசதி.

ஆணவக்கொலையைத் தடுக்க மத்திய சட்ட ஆணையம் 2012இலேயே வரைவு மசோதா தந்தது. தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது 2025 அக்டோபரில்தான். இடைப்பட்ட 13 ஆண்டுகளில் இங்கே ஆண்டவை அதிமுகவும் திமுகவும். இரண்டுக்கும் ஓட்டுப் போட்டவர்கள் நாமும்தான்.