இல்லை என்றால் எழுதிக் கொடுங்கள்

பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறவர்கள் 1974இல் கட்டிய நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள், கட்டபொம்மன் சிலை முன்னால் செல்ஃபி எடுப்பார்கள், போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊரின் பெரிய கதை தம்பியுடையது. ஊமைத்துரைக்குப் பேச்சு வராது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்து கிடந்த கோட்டையை மறுபடி எழுப்பிக் கும்பினிப் படையைத் திணறடித்தவர். எதிரணியில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் அவரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். வைக்கோல் துணுக்குகளை உள்ளங்கையில் வெள்ளைக்காரப் படையாக அடுக்குவாராம், மறு கையால் ஒரே வீச்சில் தட்டிவிடுவாராம். பார்த்தவர்களுக்குத் திட்டம் புரிந்துவிடும்.

அந்த மனுஷன் கையைப் படிக்க ஒரு பாளையமே கற்றுக்கொண்டது. இரண்டு நூற்றாண்டு கழித்து, இதே கரிசக்காட்டில் காது கேளாத பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும் அம்மாவுக்குக் கிடைக்கும் பதில்: “இங்க பாத்துக்கிட ஆள் இல்லம்மா. ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துருங்க.”

நான் வழக்கறிஞர். இந்தப் பதிலை எத்தனையோ அம்மாக்கள் வாயால் கேட்டிருக்கிறேன். காகிதத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. மறுப்பு எப்போதும் வாய்வார்த்தை. எழுத்தில் இல்லாத மறுப்பை எந்தக் கோர்ட்டில் காட்டுவது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள, 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தரச் சொல்கிறது. பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு. தலைமையாசிரியருக்கு அல்ல. காது கேளாதவர்களுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. சைகை மொழி சலுகை இல்லை, சட்டம்.

“ஒரே டீச்சர் ரெண்டு கிளாஸ் பாக்காங்க, அவங்க என்ன செய்வாங்க?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் சண்டை அந்த டீச்சரோடு இல்லை. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆளை நியமிக்காத அரசு, டீச்சரின் களைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நாமும் டீச்சருக்கு இரக்கப்பட்டு, பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டு, டிசம்பர் 3ஆம் தேதி மேடையில் சக்கர நாற்காலி கொடுப்பதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். “தெய்வக் குழந்தை” என்கிறோம். தெய்வத்துக்கு அட்மிஷன் வேண்டாம் பாருங்கள், எவ்வளவு வசதி!

வீட்டுவழிக் கல்வி என்று இன்னொரு கதவு. 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. உரிமையாக வந்தது, நடைமுறையில் பிள்ளையை வீட்டிலேயே உட்கார வைக்கும் சாக்காகத் தேய்கிறது.

சரி, என்ன செய்ய? சேர்க்கை கேட்டு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால், ஒப்புகை அட்டை. புகாரை உள்ளாட்சி அமைப்புக்கு எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். 1987 சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

ஆனால் தீப்பெட்டி ஆபீசிலும் உளுந்துக் காட்டிலும் நாட்கூலிக்கு நிற்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு மனுவும் ஒரு நாள் சம்பளம். அங்கேதான் நீங்கள் வர வேண்டும். கவிதையும் விமர்சனமும் எழுதுகிற கை உங்களுடையது. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளை ஒன்று இருக்கும். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பெறுநர், பொருள், தேதி. மறுப்பவர்கள் இனி எழுத்தில் மறுக்கட்டும்.