நோயாளியிடம் வாங்கும் கையெழுத்து

திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள நகரத்திலும் சமவெளியிலும் வாழும் ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் உடலை வருத்திப் பிழைப்பவர்கள். பூட்டுப் பட்டறைகளிலும், தோல் பதனிடும் சாலைகளிலும், புகையிலைக் கிடங்குகளிலும், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளிலும், பஸ் டிப்போக்களிலும், ரயில்வே ஜங்ஷனிலும் உழைக்கும் இவர்களுக்கு நிலமில்லை, பெட்டியில் பணமில்லை. உடம்பு ஒன்றே மூலதனம். அந்த மூலதனம் காலத்துக்கு முன்னதாகக் கரைந்துவிட்டால் அவர்களுடைய கதி என்ன என்ற பிரச்னையை நமது அரசியல் மேடைகள் போதிய அளவு ஆராய்வதில்லை. ஊதிய உயர்வுக்குக் கிளர்ச்சி நடக்கிறது. போனஸுக்கு வேலைநிறுத்தம் நடக்கிறது. நோயுற்று வேலையை விட்டு வெளியேறுகிறவனோ தனியாக வெளியேறுகிறான்.

வெளியேறும் விதத்தைக் கவனிப்போம். பஸ் டிரைவர் ஒருவருக்குக் கண் மங்குகிறது; பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது; மில் தொழிலாளி ஒருவருக்கு மூச்சு இரைக்கிறது. சில மாதம் விடுப்பில் கழிகிறது. பிறகு மேலே உள்ள ஒருவர், பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லாமலே, "இனி உம்மால் முடியாது, எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரும்" என்று சொல்லுகிறார். ஒரு காகிதம் நீட்டப்படுகிறது. ஸர்க்கார் சிப்பந்தியானால் அதில் "விருப்ப ஓய்வு" என்றிருக்கும்; மில் தொழிலாளியானால் "சொந்தக் காரணத்தை முன்னிட்டு ராஜினாமா" என்றிருக்கும். நோய் என்ற சொல்லே அதில் இராது. நோயாளி கையெழுத்திடுகிறார். அந்த ஒரு வரியினால் தாம் எதை இழந்தார் என்பது அவருக்குத் தெரிவதில்லை. அதைத் தெரிவிப்பதே இன்று நமது நோக்கம்.

நோயுற்ற தொழிலாளியைக் காப்பது தர்மப் பிச்சை அன்று என்பதை உலகம் ஒப்புக்கொண்டு நெடுங்காலமாகிறது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-லேயே முதுமைக்கும் உடல் இயலாமைக்கும் சேர்த்து இன்ஷ்யூரன்ஸ் சட்டம் செய்தார். நமது நாட்டில் 1923-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 1944-இல் பேராசிரியர் அடார்க்கர் அளித்த அறிக்கையின் பயனாக, சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே, 1948-இல், தொழிலாளர் அரசு இன்ஷ்யூரன்ஸ் சட்டம் நிறைவேறிற்று. நோய், முதுமை, அங்கவீனம் ஆகிய காலங்களில் பிரஜைக்கு உதவி பெறும் உரிமையை ஸர்க்கார் தன் சக்திக்கு ஏற்ப நிலைநாட்ட வேண்டும் என்று நமது அரசியல் சட்டத்தின் 41-ஆவது ஷரத்து கட்டளையிடுகிறது. ஆகையால் நோயாளி எழுதும் மனு உரிமை மனுவே. கைகட்டி நின்று எழுதவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

முதலில் ஸர்க்கார் சிப்பந்திகளின் நிலையைப் பார்ப்போம். அவர்கள் முதலாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி, "எப்படி ஓய்வு பெறுவது?" என்பதன்று, "ஓய்வு பெறத்தான் வேண்டுமா?" என்பதே. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தின் 47-ஆவது பிரிவும், அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவும் ஒன்றையே சொல்லுகின்றன: உத்தியோகத்தில் இருக்கும்பொழுது ஊனம் அடைந்த சிப்பந்தியை நீக்கக் கூடாது, பதவியில் தாழ்த்தவும் கூடாது. பழைய வேலைக்குத் தகுதியில்லையானால், அதே சம்பளத்தில் அவருக்கு ஏற்ற வேறு வேலை தரவேண்டும். அப்படிப்பட்ட வேலை காலியாக இல்லையானால், காலியாகும் வரையில் அல்லது ஓய்வு வயது வரும் வரையில், அவருக்கென்று உபரிப் பதவி ஒன்றை உண்டாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்விதி ஸர்க்கார் காரியாலயங்களோடு நிற்பதன்று. ஸர்க்கார் கம்பெனிகள், ஸ்தல ஸ்தாபனங்கள், ஸர்க்கார் உதவி பெறும் ஸ்தாபனங்கள் ஆகியவற்றையும் இது கட்டுப்படுத்தும்.

"நான் ஏற்கனவே இயலாமைப் பென்ஷன் வாங்கிவிட்டேனே, எனக்கு இனி என்ன வழி?" என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கும் விடை உண்டு. குணால் சிங் என்ற கான்ஸ்டபிள் பணியில் காயமுற்றுக் காலை இழந்தார். அவரை வேலைக்குத் தகுதியற்றவர் என்று கூறிப் பென்ஷனோடு அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கொடுத்துவிட்டதனால் வேலைப் பாதுகாப்பு மறைந்துவிடாது என்று 2003-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

நமது பகுதிக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் பஸ் டிரைவர்களுடையது. ஒரு காலத்தில் ராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கித் திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த போக்குவரத்துக் கழகத்தை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். டிரைவர் வேலையில் கண்ணே பிரதானம். நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண் குறை ஒன்று உண்டு. அது ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லை என்ற காரணத்தினாலேயே டிரைவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மதுரைப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்த முத்து என்ற டிரைவரின் வழக்கில், அத்தகையவருக்கும் மாற்று வேலை தரவேண்டும் என்று 2006-இல் சென்னை ஹைக்கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. 2025 ஆகஸ்டில் தெலுங்கானா டிரைவர் ஜோசப் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதே நியாயத்தை எடுத்துரைத்தது. அவ்வழக்கில் அவருக்குத் துணைநின்றது 1979-இல் தொழிற்சங்கத்தார் நிர்வாகத்தோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். இதை வாசகர்கள் நினைவில் வைக்கும்படி கோருகிறோம். பின்னால் இதற்குத் திரும்புவோம். ரயில்வேயில் "டீகேட்டகரைஸ்" என்று தொழிலாளர் வழங்கும் முறை நெடுநாளாக உண்டு. எஞ்சின் ஓட்டத் தகுதியிழந்தவருக்கு அங்கே வேறு வேலை பார்த்துக் கொடுக்கிறார்கள். ரயிலுக்கு இயலுவது பஸ்ஸுக்கு இயலாது என்பது வாதமாகாது.

எந்த வேலையும் செய்ய முடியாதபடி நோய் முற்றிவிட்டவர்களும், இனி ஓய்வே வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்க நாம் யார்? ஆனால் எந்த வாயில் வழியாக வெளியேறுவது என்பதை அவர்கள் அறிந்தே செய்ய வேண்டும். விருப்ப ஓய்வு என்பது 20 ஆண்டு ஊழியம் முடித்தவர் மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து, தம் இஷ்டத்தின்பேரில் விலகுவது. அதற்கு வைத்தியச் சான்று வேண்டியதில்லை. இயலாமை ஓய்வு என்பது வைத்தியக் குழு பரிசோதித்து, இவர் நிரந்தரமாகத் தகுதியிழந்தார் என்று சான்று தந்தபின் வருவது. மத்திய ஸர்க்கார் சிப்பந்திகள் விஷயத்தில், பத்தாண்டு ஊழியம் நிரம்பாதவருக்கும் இயலாமைப் பென்ஷன் உண்டு என்று 2019-இல் விதி திருத்தப்பட்டது. வயது முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இயலாமையால் விலகியவரின் குடும்பத்தில் ஒருவர் கருணை அடிப்படையில் வேலை கோரவும் இடமுண்டு. விருப்ப ஓய்வில் சென்றவரின் குடும்பத்துக்கு இந்த வாயில் அடைபட்டது. இரண்டு காகிதங்களும் மேலுக்கு ஒன்றுபோலவே தோன்றும். பலனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இனி மில் தொழிலாளியிடம் வருவோம். மாற்று வேலை தரவேண்டும் என்று மேலே சொன்ன விதி தனியார் முதலாளிகளைக் கட்டுப்படுத்தாது. இது பெருங்குறை. ஆயினும் அவர் வெறுங்கையராக இல்லை. கார்டிங், புளோரூம் பகுதிகளில் பஞ்சுத் தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு, ஓய்வு நாள் கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகும். நாளடைவில் அது நீங்காத இரைப்பாகும். இங்கிலாந்தில் 1940-களிலேயே இதற்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். நமது சட்டமும் பஞ்சுத் தூசி நோயையும், தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமியத்தால் வரும் நோயையும் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நோய் தொழிலால் வந்தது என்று பதிவானால்தான் நஷ்டஈடு கேட்க இடமுண்டு. "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கொடுத்தவர் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொன்னவராகிறார்.

மேலும் மூன்று விஷயங்களைத் தொழிலாளர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது கிராஜுவிட்டி. ராஜினாமாச் செய்கிறவர் ஐந்தாண்டு நிரம்பாவிட்டால் அதை இழக்கக்கூடும். நோயாலோ விபத்தாலோ இயலாமை அடைந்தவருக்கு அந்த ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய இவ்விலக்கை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் வைத்திருக்கிறது. இரண்டாவது, 1995-ஆம் ஆண்டின் சேமநிதிப் பென்ஷன் திட்டம். சாதாரணப் பென்ஷனுக்குப் பத்தாண்டு வேண்டும். நிரந்தர முழு இயலாமைக்கோ ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே போதும். நோய் ஆலையில் வந்ததா வீட்டில் வந்ததா என்ற கேள்விக்கும் இடமில்லை. இதை அறியாதவர் ஐம்பது வயதில் முன்கூட்டிய பென்ஷன் கேட்கிறார். 58 வயதுக்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு நான்கு வீதம் பென்ஷனில் பிடித்துக்கொள்ளப்படுகிறது. மூன்றாவது இ.எஸ்.ஐ. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரையில் கூலியில் நூற்றுக்கு எழுபது கிடைக்கும். க்ஷயம், புற்றுநோய், பக்கவாதம் முதலிய 34 நீண்ட நோய்களுக்கு, உரிய சந்தா செலுத்தியிருந்தால், இரண்டாண்டு வரையில் நூற்றுக்கு எண்பது வீதம் கிடைக்க வழியுண்டு. இவற்றையெல்லாம் கேட்டுப் பார்க்காமல் வேலையை விடுவது விளைந்த பயிரை அறுக்காமல் நிலத்தை விட்டுப்போவதற்கு ஒப்பாகும்.

நிர்வாகிகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பொய்ச் சான்று வாங்கி வேலையைத் தட்டிக்கழிப்போர் சிலர் இருக்கிறார்கள். கண் மங்கிய டிரைவரிடம் ஐம்பது பிரயாணிகளின் உயிரை ஒப்படைக்கவும் முடியாது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொய்ச் சான்றுக்கு மருந்து நாணயமான வைத்தியக் குழுவே. மெய்யான நோயாளியின் உரிமையைப் பறிப்பதன்று. டிரைவரை வண்டியிலிருந்து இறக்குவது நியாயம். டிப்போவிலிருந்தே துரத்துவது எவ்வாறு நியாயமாகும்?

ஆகவே நாம் கோருவன இவை. நோயைக் காரணமாகக் கொண்டு ஒருவர் விலக முன்வந்தால், அவருக்குரிய வழிகள் அனைத்தையும் தமிழில் எழுதிக் கொடுத்து, அவர் படித்து யோசிக்க அவகாசம் தந்த பிறகே எந்த நிர்வாகமும் கையெழுத்து வாங்க வேண்டும். 2022-இல் திண்டுக்கல்லில் ஸர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. இம்மாவட்டத்து நோயாளிகளின் பரிசோதனைகள் இயன்றவரை அங்கேயே, காலதாமதமின்றி முடியவேண்டும். மாற்று வேலை விதியைத் தனியார் ஆலைகளுக்கும் விரிக்க ஸர்க்கார் முன்வர வேண்டும். இயலாமைப் பென்ஷனுக்கும் சேர்த்து 2014-இல் குறிக்கப்பட்ட மாதம் 1000 ரூபாய் என்ற குறைந்த அளவு ஒரு குடும்பத்தின் அரிசிக்கும் மருந்துக்கும் எட்டாது என்பதையும் ஆட்சியாளர் உணரவேண்டும்.

சட்டம் வரும்வரையில் தொழிற்சங்கங்கள் காத்திருக்கவேண்டியதில்லை. தெலுங்கானா டிரைவரைக் காத்தது அவர் வேலைக்கு வருவதற்குப் பல்லாண்டு முன்னர் யாரோ சில ஊழியர்கள் ஒப்பந்தத்தில் எழுதிவைத்த ஒரு ஷரத்து. அந்த ஷரத்தை வேடசந்தூர் ஆலைகளின் ஒப்பந்தங்களிலும் திண்டுக்கல் தோல் சாலைகளின் ஒப்பந்தங்களிலும் ஏன் எழுதக் கூடாது? அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில், எத்தனை ரூபாய் என்று கேட்பதற்கு முன், நோயுற்றவனுக்கு என்ன வேலை என்று நமது ஊழியர்கள் கேட்கட்டும். அதுவரையில், பேனா நீட்டப்படும் ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் சட்டம் தெரிந்த ஒரு தோழன் நிற்கட்டும். அக்காகிதத்தை அவன் படித்துச் சொல்லாமல் எந்தக் கையும் கையெழுத்திட வேண்டாம்.