ராயப்பனைத் தேடினால் பெத்ருஸ் கிடைப்பார்!

திருக்கோவிலூர் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் யாராவது கொள்ளுத்தாத்தாவைத் தேடிக் கிளம்பினால், முதலில் போய் நிற்பது பங்குக் கோவிலில்தான். பிறப்புப் பதிவு ஊருக்கு ஊர் ஒழுங்காக நடக்காத காலத்துக்கு ஞானஸ்நான ஏடுதானே சாட்சி! ஆனால் அவசரப்பட்டுப் படித்தால், யாரோ ஒருவருடைய தாத்தா உங்கள் குடும்பத்தில் சேர்ந்துவிடுவார்.

முதல் சிக்கல் பெயர். பழைய ஏடுகளில் லத்தீன் அதிகம். வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்டவர் அங்கே பெத்ருஸ். சின்னப்பன் என்றால் பவுலுஸ், அருளப்பன் என்றால் யோவான்னெஸ், சூசை என்றால் யோசேபுஸ். ராயப்பன் என்று மட்டும் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்.

அடுத்தது தேதி. ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி அல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, புதுச்சேரி மிஷனில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு எழுதிய வயது குத்துமதிப்பாகவே இருக்கலாம்.

மாவட்டமும் குழப்பும். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ல் வந்தது. 1993 வரை இதெல்லாம் தென் ஆற்காடு.

ஆகவே பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. அப்பா, அம்மா, ஊர், ஞானத்தகப்பன் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பொருந்தவில்லையா? அந்த இடத்தைக் காலியாக விடுவதுதான் நேர்மை. காலியிடத்தை நாளைக்கு வேறு யாராவது நிரப்பலாம். தப்பான தாத்தாவை எழுதிவைத்தால், பேரப்பிள்ளைகள் அதையே வரலாறு என்று நம்பிவிடுவார்கள்.