பெட்டிமுடியும் கரிப்பூரும்

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை (வரிசை வீடுகளை) மூடியது. பலியானவர்கள் 70 பேர். மறுநாள் இரவு கோழிக்கோடு அருகே கரிப்பூரில் விமான விபத்து. கேரளத்தின் அன்றைய முதல்வர் பினராயி விஜயன் 8-ஆம் தேதியே கரிப்பூர் சென்றார். பெட்டிமுடிக்கு வந்தது 13-ஆம் தேதி. கரிப்பூரில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு 5 லட்சம். பெட்டிமுடிக்குப் போகும் வழியில் இருந்த பெரியவாரை தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போயிருந்தது, ஹெலிகாப்டர் இறங்கும் வானிலையும் இல்லை என்பார்கள். பயணம் தாமதமானதற்கு அது நியாயமான பதில்தான். ஆனால் தொகையை அறிவிக்கப் பாலம் வேண்டுமா, என்ன? சிக்கல் ஒரு தனிமனிதரின் மனத்தில் இல்லை. பேரிடர் விதிகளுக்கு மேல் எவ்வளவு கொடுப்பது என்பது அன்றன்றைய அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதில் இருக்கிறது. அப்படி விட்டால், கேமராக்கள் முதலில் போய்ச் சேரும் இடத்துக்கே கை தாராளமாக நீளும். அவசரத்தில் முதல்வருக்கு அந்தச் சுதந்திரம் தேவை என்ற வாதத்தை மறுக்கவில்லை. சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் அது இருக்கட்டும். உயிரிழப்புக்கான தொகையை மட்டும், யார் முதல்வரானாலும் மாற்ற முடியாதபடி, சட்டமன்றம் முன்கூட்டியே எல்லோருக்கும் ஒரே அளவாக நிர்ணயிக்க வேண்டும். பெட்டிமுடி அடங்கிய தேவிகுளம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் இதைக் கேட்கத் தொடங்கலாம்.